ஓடுகிற தண்டைத் தொடாமல் அளந்தபோது

எங்கள் தொழிலில் தொட்டுப் பார்த்தால் விரல் போகும், தொடாமல் பார்த்தால் மரியாதை போகும்.

நான் பார்ப்பது முறுக்கு அளக்கிற வேலை. முறுக்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கேலிக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துவிட்டது. நான் சொல்வது இரும்புத் தண்டு முறுகுவதை. ஒரு பக்கம் மோட்டார் திருப்புகிறது. மறுபக்கம் டிரம்மோ பம்போ வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு, ஈரத் துண்டைப் பிழிகிற மாதிரி ஒரு மயிரிழை முறுகும். அந்த மயிரிழையை அளந்தால் மிஷின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அளப்பது எப்படி என்றால், தண்டு நிற்கும்போது அதன் மேல் இரண்டு இடத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பட்டையைச் சுற்றி ஒட்டுவேன். ஒவ்வொரு பட்டைக்கும் எதிரே ஒரு ஒளிக்கண் நிற்கும். தண்டு ஓடும்போது ஒரு பட்டை இன்னொன்றைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்று அந்தக் கண்கள் பார்க்கும், பெட்டி அதை எண்ணாகக் காட்டும். தண்டின் மேல் ஒயரும் கிடையாது, உரசலும் கிடையாது.

என் ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் கொட்டகைக்குள் நுழைந்து, அங்கே காலமெல்லாம் வேலை பார்க்கிறவர்களிடமே "இங்கே என்ன கோளாறு?" என்று கேட்டுப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். நாமெல்லாம் ஒரே பஸ்சில் நின்றுகொண்டு போகிறவர்கள்தானே.

வாசலோடு போன டாக்டர்

போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி. இலை உருட்டும் மிஷினில் அடிக்கடி பெல்ட் அறுந்துபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் போகிற ஜீப்பில், பெட்டியை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். மிஷின் ஓட்டுகிறவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் பாதி மலையாளம். நான் பட்டை ஒட்டி, ஒளிக்கண்ணை மாட்டி, மிஷினை ஓடவிட்டு, மூன்றடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து மிஷினைத் தட்டிப் பார்ப்பேன், காது வைத்துக் கேட்பேன், குறைந்தபட்சம் ஒரு ஸ்பேனராவது கேட்பேன் என்று காத்திருந்தார் போல. நான் எண்களை எழுதிக்கொண்டே இருந்தேன்.

மதியம் ஒரு கிளாஸ் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்: "இவிடயும் ஒரு டாக்டரு வருவாரு சாரே. ஆளத் தொடவே மாட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டே சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாரு. நல்ல மனுஷன்தான். பச்சே ஒருத்தனுக்கும் சொகமானதில்ல."

கையா, மிஷினா

இனிச் சொல்வதெல்லாம் போடியில் ஒரே இடத்தில் நடந்தவை. அது ஒரு ஏலக்காய் கிட்டங்கி. மலையில் உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். டிரம்மில் போட்டுச் சுற்றினால் காய்கள் ஒன்றோடொன்று உரசிக் காம்பும் வாலும் ஒடிந்து சுத்தமாகும். பிறகு பருமன்படி சலித்து, எட்டு எம்எம் காயை ஒசத்தி என்று பிரித்து, பக்கத்து ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் சொளகில் கொட்டிப் பொறுக்குவார்கள். டிரம்மைச் சீக்கிரம் நிறுத்தினால் காயில் வால் நிற்கும், தாமதமாக நிறுத்தினால் காய் வெடிக்கும். ஏழு மாதத்துக்கு முன்னால் புது டிரம் வாங்கியிருந்தார்கள். அது வந்த நாளிலிருந்து வெடிப்புக் காய் கூடிக்கொண்டே போனது.

டிரம் ஓட்டுவது பேச்சியக்கா. ஐம்பது வயசு இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பழைய டிரம்மை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். அவர் கையில் ஒரு மூட்டைகூடக் கெட்டதில்லை என்று முதலாளியே சொன்னார். சொல்லிவிட்டு என்னை மாடிக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "தம்பி, மிஷின்ல கோளாறுன்னா வந்த லாரியிலயே திருப்பி ஏத்திவிட்டுர்றேன். கையில கோளாறுன்னா ஆள மாத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. ரெண்டுல எதுன்னு ஒங்க பெட்டி சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

வியாழன் சாயங்காலம் தண்டை மூடியிருந்த கவரைக் கழற்றிப் பட்டை ஒட்டிவிட்டு, மெயினை அணைத்து, கவரைத் திறந்தபடியே விட்டுப் போனேன். வெள்ளி காலையில் வந்து ஓட்டினால் எண் பேயாட்டம் ஆடுகிறது. தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு குதி குதிக்கிறது. ஒயரை மாற்றினேன், ஒளிக்கண்ணை மாற்றினேன், கோயம்புத்தூரில் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். காலைப்பொழுது பூராவும் போனது. கடைசியில் மிஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தால், இரண்டு பட்டையிலும் வெள்ளைக் கோட்டின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அத்தனை அழகாக வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் தராசு, சல்லடை, சுவிட்சுப் பெட்டி, டிரம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது பேச்சியக்காவின் வழக்கமாம். பெட்டியின் கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும், அதில் சிவப்பு வந்தால் அது குழம்பிப்போகும் என்று, முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன். பக்கத்தில் நின்று என் கையையும் துணியையும் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "எல்லாத்துக்கும் வச்சுட்டு அதுக்கு மட்டும் வைக்காம விட்டா மனசு கஷ்டமா இருக்காதா தம்பி? புது எடத்துக்கு வேற வந்திருக்கு."

மீசை

டிரம் ஓடும்போது பேச்சியக்கா, நான் மறுபடி மாட்டிய கவர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நிற்பார். அசதியில் சாய்ந்து நிற்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, கைய எடுங்க" என்று பின்னாலிருந்து மூன்று தடவை சொன்னேன். திரும்பக்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷ அனுபவம் என்ற மிதப்பு, நேற்று வந்தவன் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

முன்னால் போய் நின்று நாலாவது தடவை சொன்னேன். அப்போதும் கையை எடுக்கவில்லை, என் வாயையே உற்றுப் பார்த்தார். என் மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மேலுதட்டை முழுசாக மூடிக் கீழுதட்டையும் கொஞ்சம் விசாரிக்கிற மீசை. பெண் பார்க்கத் தேவாரம் போனபோது என் மாமனார் என்னிடம் பாராட்டியது அது ஒன்றைத்தான். அக்கா அதைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, எதற்கெடுத்தாலும் கொல்லென்று சிரிக்கிற அந்த ஹால் அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நாளைக்கு வரும்போது அந்த மீசையக் கொஞ்சம் கத்தரிச்சுட்டு வாங்க. ஒங்க மொகமே தெரியல."

பறந்து வந்த காய்

மாடியிலிருந்து முதலாளி "பேச்சி!" என்று கூப்பிடுவார். உடனே ஹாலிலிருந்து ஒரு ஏலக்காய் பறந்து வந்து அக்காவின் முதுகில் படும். அவர் திரும்பி, நிமிர்ந்து, "என்ன முதலாளி?" என்பார். வாசலில் லாரி ஹாரன் அடிக்கும், இன்னொரு காய் பறக்கும். ஒரே நாளில் ஏழு காய் எண்ணினேன். எறிவது எப்போதும் ராமுத்தாய்தான். வரிசையில் முதல் ஆளாக, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள். குறி ஒன்றுகூடத் தப்பவில்லை.

கீழே கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "ஏலக்காய் என்ன வெலை விக்கிது, அத எறிஞ்சு வெளையாடுறீங்களே" என்று பெரிய மனுஷத்தனமாகக் கண்டித்தேன். ராமுத்தாய் அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாகப் பிட்டுக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. "பூச்சி தின்ன கழிசலுண்ணே. நல்ல காய எறியிற அளவுக்கு நாங்க என்ன எஸ்டேட் வச்சா நடத்துறோம்?"

டீக்கடையில் விசாரணை

நாலு நாள் அளந்ததில் எல்லாம் தெளிவாகிவிட்டது. காயைக் கொட்டியதும் எண் ஏறுகிறது. வால் ஒடிய ஒடிய மெல்ல இறங்குகிறது. ஓரிடத்தில் வந்து அசையாமல் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் டிரம்மை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் காய் தன்னைத்தானே அடித்துக்கொண்டு வெடிக்கும். பேச்சியக்கா ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு நிமிஷம் கழித்துத்தான் நிறுத்தினார். "மிஷினில் குறை இல்லை. நிறுத்துவதில் தாமதம்" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, மறுநாள் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பெட்டி சொன்னதை எழுதினேன், என் வேலை முடிந்தது என்ற நிம்மதி.

சாயங்காலம் எதிர்த்தாற்போலுள்ள டீக்கடையில் ராமுத்தாய் வந்து நின்றாள். "என்னண்ணே எழுதிருக்கீங்க?" என்று நேராகவே கேட்டாள். சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சியக்காவுக்குக் காது போய் ஆறு வருஷம் ஆகிறது. எதிரே நிற்கிறவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அதற்குத்தான் அந்தக் கழிசல் காய். ஹாலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் டிரம்மை விட்டு இறக்கிவிடுவார், மிஷினிடமிருந்து பிரித்துவிட்டால் அந்த மனுஷி ஒடிந்துபோவார் என்று பயம். பழைய டிரம்மில், தண்டு உட்கார்ந்திருக்கும் பேரிங் கூட்டின் மேல் கை வைத்தால் போதும், உள்ளே காய் என்ன பக்குவத்தில் இருக்கிறது என்று நடுக்கத்திலேயே சொல்லிவிடுவாராம். புது டிரம்முக்குக் காலில் ரப்பர், மேலே முழுக் கவர். கை வைத்தால் மோட்டார் உறுமுவது மட்டும்தான் தெரிகிறது.

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். கவரில் இருந்த அந்தக் கையையும், என் வாயை உற்றுப் பார்த்த அந்தக் கண்ணையும் நினைத்துக்கொண்டேன். ராமுத்தாய் எழுந்து போகும்போது கேட்டாள்: "நீங்க தொடாமப் பாக்குறவரு. அவ தொட்டுப் பாக்குறவ. தொடுற எடத்தப் பூராம் மூடிப்புட்டு, அவ கை சரியில்லன்னு எழுதுனா அது நல்லாவாண்ணே இருக்கு?"

கோட்டுக்குக் கீழே இடம்

வீட்டில் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி பையிலிருந்த தாளைப் படித்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். பெட்டி பொய் சொல்லாது, நானும் பொய் எழுத மாட்டேன், அது ஒன்றுதான் இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற சொத்து என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மனசுக்குள் உறுத்தல் இருக்கும்போதுதான் எனக்குச் சத்தம் கூடும், அது அவளுக்கும் தெரியும். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள்: "பொய்யின்னு யாருங்க சொன்னா? பாதிய எழுதிட்டுக் கோடு போட்டுட்டீங்க. கோட்டுக்குக் கீழ எடம் கெடக்குல்ல, மீதிய எழுதுங்க."

முதலாளி கேட்ட கேள்வி

மீதியை எழுதினேன். பழைய டிரம் ஓட்டுகிறவர் கைக்குத் தகவல் சொன்னது, புது டிரம் சொல்வதில்லை, அதனால்தான் தாமதம், பட்டையும் ஒளிக்கண்ணும் உள்ளேயே இருக்கட்டும், எதிரே சுவரில் முள் வைத்த பெரிய டயல் ஒன்று மாட்டினால் போதும் என்று எழுதினேன். காது என்ற சொல்லை எழுதவில்லை. அது என் பெட்டி அளந்த விஷயம் இல்லை.

முதலாளி இரண்டு தடவை படித்தார். "டிரம்மு சத்தம் மாறுறது மாடியில ஒக்காந்திருக்கிற எனக்கே கேக்குது. பக்கத்துல நிக்கிறவளுக்கு எதுக்குத் தம்பி கை வேணும்?" என்றார். "நான் தண்ட மட்டுந்தான் அளப்பேன் முதலாளி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஹால் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தாளை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தார். "சரி, மாட்டுங்க. ஒரு வாரம் பாப்போம். அதுக்கப்பறம் என்ன செய்யணுமோ நான் செஞ்சுக்கிறேன்."

முள்

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டயல் வாங்கி, அக்கா நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டினேன். பிறகு அவருக்கு முன்னால் போய் நின்று, மீசையை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். முள் ஏறும், இறங்கும், அப்புறம் நிற்கும், அது நின்றதும் நீங்கள் நிறுத்துங்கள். அக்கா என் கோலத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

முதல் லோடு ஓடியது. பழக்கத்தில் கவர் மேல் கை வைத்தவர், முள் இறங்க ஆரம்பித்ததும் தன்னையறியாமல் கையை எடுத்துவிட்டார். முள் நின்றது, டிரம்மும் நின்றது. காயைத் தள்ளிப் பார்த்தால் வாலும் இல்லை, வெடிப்பும் இல்லை. பெரிய காய், நடுக் காய், சின்னக் காய் என்று மூன்று லோடு ஓட்டிவிட்டு, குங்குமச் சிமிழை எடுத்துவந்து, முள் நின்ற மூன்று இடத்திலும் டயல் கண்ணாடியில் ஒவ்வொரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டு, மறுபடி துடைத்துவிடுவேனோ என்று என்னைப் பார்த்தார். நான் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது: "ஏழு மாசமா இது எங்கிட்டப் பேசவே இல்ல தம்பி. இன்னைக்கித்தான் வாயத் தெறந்திருக்கு."

எட்டு எம்எம்

அந்த ஒரு வாரமும் வெடிப்புக் காய் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் "நான் செஞ்சுக்கிறேன்" என்று முதலாளி சொன்னதை ராமுத்தாயிடம் சொல்லியிருந்தேன், இருவருக்கும் அந்தப் பயம் இருந்தது. கடைசி நாள், ஒளிக்கண்ணைச் சரிபார்க்கிற சாக்கில் நானும் போயிருந்தேன். முதலாளி ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அக்காவுக்குப் பின்னால் பத்தடியில் நின்றார். "பேச்சி" என்று கூப்பிட்டார். ராமுத்தாயின் கை கழிசல் குவியலுக்குப் போனது. முதலாளி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். ராமுத்தாயின் கை அப்படியே நின்றது. ஹாலில் ஒரு சொளகுகூட அசையவில்லை. முதலாளி இன்னொரு தடவை, முன்னைவிட மெதுவாகக் கூப்பிட்டார். அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், எல்லாம் போனது என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குள்ளேயே நான் வந்திருக்கக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

முதலாளி குனிந்தார். சலித்துவைத்த குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து எறிந்தார். மனுஷருக்குப் பழக்கம் இல்லை, அது போய்ச் சுவிட்சுப் பெட்டியில் பட்டது. இன்னொன்றை எடுத்து எறிந்தார். அது அக்காவின் தோளில் பட்டது. அக்கா டிரம்மை நிறுத்திவிட்டுத் திரும்பினார். ராமுத்தாயைத் தேடிய கண், முதலாளியின் கையில் வந்து நின்றது. முதலாளி நடந்து போய் அவருக்கு நேர் எதிரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "வியாபாரி வந்திருக்காரு. காயக் காட்டு, பேச்சி." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தம்பி, மாடியிலருந்து நான் மணி அடிச்சா எரியிற மாதிரி அந்த முள்ளுக்குப் பக்கத்துல ஒரு செவப்பு லைட்டும் போட்டுருங்க" என்றார்.

ராமுத்தாய் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் எண் எதுவும் தெரியாமல் கண் மங்கிவிட்டது. பேச்சியக்கா மட்டும் குனிந்து, தரையில் கிடந்த இரண்டு காயையும் தேடிப் பொறுக்கினார். ஊதித் தூசி தட்டி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடச் செய்யாமல், முதலாளியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ரெண்டும் எட்டு எம்எம்மு முதலாளி. எறியிறதுக்குன்னு அங்க கழிசலு கெடக்குல்ல, கேட்டா ராமுத்தாயி எடுத்துத் தருவாள்ல?"

பதினோரு வருஷமாக எதையும் தொடாமலே எல்லாவற்றையும் அளந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த நான், இப்போதெல்லாம் அந்தக் கிட்டங்கிக்குப் போகிற அன்று காலையில் முதல் சோலியாக மீசையைக் கத்தரித்துக்கொள்கிறேன், தேவாரத்தில் மாமனாருக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.